பத்ரிநாத் பாஸ் செய்த பன்றிக்கறி

கல்யாண ஹாலுக்குள் போகும் எந்தக் கறியும் அரசாங்கத்தின் மேலான சம்மதத்தோடுதான் போக வேண்டும் என்பது எங்கள் ஈஜிபுராவில் புது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். குற்றம் சொல்ல நான் யார்? ஏழாவதோடு நின்றவள்.

என் மகன் ஃபிராங்க்ளின் கல்யாணத்துக்காகப் பன்றித் தொடையை உப்பில் ஊறப்போட்டு, புகை காட்டி, துணி சுற்றி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்திருந்தேன். போகும்போதும் வரும்போதும் திறந்து முகர்ந்து பார்ப்பேன். மாப்பிள்ளையின் தாய் கையால் போட்ட உப்புக்கறி இல்லாமல் பந்தி நடந்தால் எங்கள் ஜனம் என்னை ஆயுசுக்கும் சும்மா விடாது.

சோதிக்க வந்த அதிகாரி பத்ரிநாத் சுத்த சைவம். பன்றிக்கறிப் பிரிவு அவருக்கு சீனியாரிட்டிப்படி கிடைத்ததாம். நான் தொடையை வெளியே எடுத்துத் துணியைப் பிரித்ததும், வாசலிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

“நாறுதும்மா. கெட்டுப்போச்சு.”

“அது புகை வாசனை சார். கெட்டா புளிச்ச வாடை வரும். கிட்ட வந்து மோந்து பாருங்க.”

“நானா? சிவசிவா! மேல வெள்ளையா இருக்கே, பூஞ்சணம்தானே?”

“உப்பு சார்.” விரலால் துடைத்துக் காட்டினேன்.

“தடயத்தை அழிக்கிறீங்க. சரி, தேதி எங்கே?”

“எதுல சார்?”

“கறியிலதான். என்னிக்குக் கெடும்னு போட்டிருக்கணும்.”

“கெட்டா தெரியும் சார்.”

“அதையெல்லாம் கறியோட இஷ்டத்துக்கு விட முடியாதும்மா.”

என் தொடை ஜீப்பில் ஏறிப் போனது.

ஃபிராங்க்ளின் உடனே போனில் இத்தாலிப் பன்றிக்கறி வரவழைத்தான். பாக்கெட் தலையணை போல உப்பியிருந்தது. கல்யாணத்தன்று ஹாலுக்கு வந்த பத்ரிநாத் முன்னால் ஒன்றை வெட்டினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. கறி கையில் பிசுபிசுத்தது, ஓரமெல்லாம் பச்சை.

“சார், இது போயிடுச்சு!”

அவர் எட்ட நின்றபடியே அட்டையைப் படித்தார். “இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள கெட இதுக்கு அனுமதி கிடையாது.” பாஸ்.

“மம்மி, இத்தாலி சரக்குன்னா அப்படித்தான் இருக்கும். பொண்ணு வீட்டார் முன்னால மானத்தை வாங்காதீங்க” என்றான் மகன்.

பந்தியில் முதல் வாயில் எல்லோருக்கும் முகம் சுருங்கியது. பிறகு ஒருவர் “ஆஹா, என்னா ஒரிஜினல் புளிப்பு!” என்றார். அவ்வளவுதான், ஹால் முழுக்க இன்னொரு தரம் கேட்டு வாங்கினார்கள். என் நாத்தனார் பிரிஜெட் மட்டும் என் தட்டையே பார்த்தாள்.

“ஏன் அண்ணி, நீங்க எடுக்கல? உங்க கறி போடலைன்னு பொறாமையா?”

பயந்துபோய் இரண்டு துண்டு தின்றேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை, பெண், கல்யாணம் நடத்திவைத்த ஃபாதர், பிரிஜெட், நான் எல்லோரும் ஒரே வார்டில் இருந்தோம். நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டாள். படுத்திருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன.

“சிஸ்டர், அதுல தேதி இருக்கா?” என்று பிரிஜெட் முனகினாள்.

நர்ஸ் பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள். இருந்தது.

எல்லோரும் நிம்மதியாகக் கண்ணை மூடினோம். நானும்தான்.