உயிரோடிருக்கும் டிரஸ்க்கின் சமாதி

மிசூரியில் டிரை ஃபோர்க் ஊரின் நகர மன்றம், ஹைரம் டிரஸ்க் காலமாகிவிட்டார் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தீர்மானம் வாசிக்கப்பட்டபோது அன்னார் பின் பெஞ்சில் உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்தார்.

எல்லாம் சினிமா செய்த வேலை. மாபெரும் கொள்ளைக்காரன் டிரஸ்க் ஆற்றுப் பாலத்தில் குண்டடிபட்டு, தலையில் வைத்த தொப்பி கழலாமல் சாவதைப் பார்த்து ஊரே அழுதிருந்தது. அன்று முதல் அவனிடம் பறிகொடுத்த குடும்பம்தான் கௌரவமான குடும்பம். மேயர் பெல்நாப்பின் தாத்தா தங்கக் கடிகாரத்தைப் பறிகொடுத்தாராம். எதையும் பறிகொடுக்காதவர்களுக்கு சர்ச்சில் கடைசி வரிசைதான்.

ரயிலில் வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள் சமாதி எங்கே என்று கேட்டார்கள். பார்த்தது மன்றம். அன்னாரது பீச் பழத் தோட்டத்தை வெட்டி, மேற்படி சமாதியை அங்கேயே அமைப்பதென்று முடிவு செய்தது.

மனைவி போன பிறகு ஹைரமுக்கென்று இருந்தது அந்த மரங்கள்தான். எழுந்து நின்றார்.

"தம்பி, நான்தான் டிரஸ்க். இன்னும் சாகலையே."

"அது உங்க சொந்த அபிப்பிராயம், பெரியவரே," என்றார் மேயர். "நீங்க செத்ததை ஊரே பார்த்திருக்கு."

"செத்தவன் நடிகன்ப்பா."

"எவ்வளவு லட்சணமா செத்தார். உங்களால முடியுமா?"

ஹைரம் யோசித்துப் பார்த்தார். முடியாதுதான்.

"சரி, செத்துப் போறேன். ஆனா ஒரு மரத்துல கோடாலி பட்டாலும் உண்மையைச் சொல்லிருவேன். ஆயுசுல நான் திருடினது ஒரே ஒரு கோவேறு கழுதை. அதுவும் பக்கத்து ஊர்ல. இங்க ஒருத்தர்கிட்டயும் ஒரு துரும்பு எடுத்ததில்ல. எடுக்க என்ன இருந்துச்சு, சொல்லு?"

மேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பீச் மர நிழலிலேயே மீளாத்துயில் கொள்ள டிரஸ்க் விரும்பியது இப்போது மன்றத்தின் நினைவுக்கு வருவதாக அறிவித்தார். மரங்கள் பிழைத்தன. ஒரு கல் மட்டும் வேலியோரம் நடப்பட்டது.

மறுநாள் ஹைரம் தன் கல்லறையில் சாய்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார். மேயர் தனியாக வந்தார். கையில் தாத்தாவின் தங்கக் கடிகாரம்.

"பெரியவரே, ஒரு உபகாரம். இதைக் கொஞ்சம் திருடிக்கிடுங்க. நாளைக்கு எவனாவது எங்க வீட்டுல இதைப் பார்த்துட்டா மானம் போயிரும்."

"துப்பாக்கி இல்லையேப்பா."

"பரவாயில்ல. நான் கையைத் தூக்கிக்கிறேன்."

வேலிக்கு வெளியே மற்ற கௌரவமான குடும்பங்களும் வெள்ளிக் கரண்டி, மோதிரத்தோடு வரிசையில் நின்றன. சாயங்காலத்துக்குள் ஹைரம் ஊரையே கொள்ளையடித்து முடித்தார். போகும்போது எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.