கயிறு ரைட்டரும் சித்திரைக் காற்றும்

ஏற்காட்டு மலையில் மழைக்குப் பயந்தவர்கள் உண்டு, இடிக்குப் பயந்தவர்கள் உண்டு. காற்றைச் சொந்தப் பங்காளி மாதிரி ஆயுள் முழுக்கப் பகைத்தவர் ஒருவர்தான். எங்கள் கயிறு ரைட்டர்.

எண்பதுகளின் தொடக்கத்தில், வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் டைப்பிஸ்ட். அவர் அங்கே ரைட்டர். வேலைக்கு வரும் ஆட்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுபவர். ஒட்டடைக்குச்சி உடம்பு, முழு வழுக்கை, தோளில் எப்போதும் ஒரு கயிற்றுச் சுருள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பங்குனி, சித்திரையில் காலையெல்லாம் புழுங்கும். மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை இறங்கும். காப்பி பூக்க வேண்டுமே என்று ஊரே அந்த மழைக்குக் காத்திருக்கும். ரைட்டர் மட்டும் மழைக்கு முன்னால் வரும் காற்றுக்காகக் காத்திருப்பார். பதினோரு மணிக்கு வாசலில் நின்று விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடிப்பார்.

"மூணு மணிக்கு வருதுங்க அம்மிணி. சாமானையெல்லாம் கட்டிப்போடோணும்."

பத்தில் ஏழு தடவை வராது. ஆனால் பத்துத் தடவையும் கட்டுவார். நாற்காலிகளை ஒன்றோடொன்று கட்டுவார். அலமாரியை ஜன்னல் கம்பியோடு கட்டுவார். தன் வீட்டுக் கோழிகளை ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டி, ஒன்று பயந்து ஓட, மீதி ஐந்தும் இழுபட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மேனேஜரின் ஜீப்பைச் சவுக்கு மரத்தோடு கட்டிவிட்டார். மேனேஜர் கவனிக்காமல் கிளம்பினார். ஜீப் போயிற்று, பின்பக்க பம்பர் போகவில்லை.

"ஏனுங்க ரைட்டரே, ஜீப்பு என்ன பறந்தா போயிரும்?" என்றார் மேனேஜர்.

"பறக்காதுங்க. நகருமுங்க."

மறுநாள் எழுத்து மூலமாகவே உத்தரவு வந்தது: ஆபீசில் இனிமேல் கயிறு கூடாது. அதை டைப் அடித்தவள் நான்தான். மெஷின் அப்போதும் மேஜைக்காலோடு கட்டப்பட்டிருந்தது. ரைட்டர் உத்தரவைப் படித்தார், கையெழுத்துப் போட்டார், எல்லா முடிச்சையும் அவிழ்த்தார். என் மேஜையை அவிழ்க்கும்போது மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

நான்காம் நாள் வெயில் விசித்திரமாக மஞ்சளடித்தது. ரைட்டர் விரலை நீட்டவில்லை. வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுருளோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அவர் போனது குழந்தைகள் கொட்டகைக்கு. காப்பிக்காட்டுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் தகரக் கூரைக் கொட்டகை அது. உள்ளே பதினேழு குழந்தைகளும் ஒரு ஆயாவும் இருந்தார்கள்.

"உத்தரவு இருக்கே சார்?"

"ஆபீஸ்லதானுங்க கூடாதுன்னு போட்டிருக்கு. கொட்டாயில கூடாதுன்னு போடலீங்களே."

கூரைக்கு மேலே குறுக்காகக் கயிற்றை வீசி மூன்று முனைகளை மரங்களில் கட்டினார். நான்காவது மூலையில் மரம் இல்லை. முளை அடித்துக் கட்டினார். என்னை உள்ளே போகச் சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது, கூடவே ஆலங்கட்டி. தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் பதினேழு குழந்தைகளும் வாயைத் திறந்திருந்தன, அழுகை மட்டும் கேட்கவில்லை. கூரையின் ஒரு மூலை தூக்கியது, வானம் தெரிந்தது. நனைந்த மண்ணில் முளை பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆயா மூன்று குழந்தைகளை அள்ளிக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். நான் இரண்டை இடுக்கிக்கொண்டேன். மூலை திரும்பக் கீழே இறங்கியது. அப்படியே நின்றது.

கதவிடுக்கில் பார்த்தேன். கயிற்றை இடுப்பில் சுற்றி, ஒரு பாறைக்கு இரண்டு காலையும் முட்டுக்கொடுத்து ரைட்டர் மல்லாந்து கிடந்தார். வழுக்கைத் தலையில் ஆலங்கட்டி விழுந்து தெறித்தது.

"ரைட்டர் சார்! உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க! பேச்சுக் குடுக்காதீங்க, புடி தளருது!"

முக்கால் மணி நேரம் கிடந்தார். மழை விட்டதும் பெண்கள் காட்டிலிருந்து சேறும் சகதியுமாக ஓடி வந்து அவரவர் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். பிறகு மேனேஜர் வந்தார், சொட்டச் சொட்ட. ஆபீஸ் கூரையில் நான்கு தகரம் பள்ளத்துக் காப்பிச் செடிகளுக்குள் கிடந்ததாம். கொட்டகையைப் பார்த்தார், ரைட்டரைப் பார்த்தார். கயிற்றை அவர் இடுப்பிலிருந்து தானே அவிழ்த்தார்.

சாயந்திரம் ரைட்டர் வீட்டுக்குப் போனேன். உள்ளங்கை இரண்டும் உரிந்து, துணி சுற்றி, சோற்றைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஊட்டிக்கொண்டே திட்டினார். "இந்த வயசுல கூரைமேல கயிறு வீசற ஆளை எந்த ஊட்டுலயாவது பாத்திருக்கீங்களா அம்மிணி?" ரைட்டர் தலையில் ஏழெட்டுப் புடைப்போடு நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தார்.

அவர் கை ஆறும்வரை பதிவேட்டை நான்தான் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. நடுநடுவே, "இவ கொழந்தைக்குப் பல்லு மொளைக்குதுங்க, ராத்தூக்கம் இல்ல, லேட்டா வந்தாலும் ஆஜர் போட்டுருங்க" என்பார். நான் போட்டேன். மூன்று வாரத்தில் கை ஆறிவிட்டது. இன்னும் மூன்று வாரம் ஆகியிருந்தாலும் எழுதியிருப்பேன்.