ஸ்பிரிங் பார்க்கும் சயின்டிஸ்ட்

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. வண்டி குலுங்கினால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் முதல் ரகம். பாவம், நிம்மதியாக இருக்கிறார்கள், விட்டுவிடுவோம். வண்டி குலுங்கினால் உடனே கடைக்குப் போய் ஒரு புது நோட்டுப் புத்தகம் வாங்குகிறவர் இரண்டாம் ரகம். நம் ஆள் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கப் பார்த்திருப்பீர்களே, அவை இவருடையவை. ஒர்க்‌ஷாப்பில் இவருக்கு 'சயின்டிஸ்ட்' என்று பெயர். அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

விஷயம் ஆரம்பித்தது அவருடைய மனைவியின் முதுகில். அந்த அம்மா கணக்கு டீச்சர். நாளெல்லாம் நின்று பாடம் நடத்திவிட்டுச் சாயங்காலம் ஏறி உட்கார்ந்தால், பதினெட்டு வயதான அந்தக் கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே குலுக்கலே ஆகாதும்மா. இன்னும் மோசமாச்சுன்னா நின்னு பாடம் எடுக்கறதை மறந்துட வேண்டியதுதான்" என்றார். பாடம் எடுப்பதை மறப்பதா? டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"கவலைப்படாதே. உன் முதுகுக்கு ஏத்த ஸ்பிரிங்கா பாத்துப் போட்டுடறேன்" என்றார் சயின்டிஸ்ட். தங்கமான மனுஷன். ஆனால் அந்தப் 'பாத்து' இருக்கிறதே, அதில்தான் எட்டு மாதம் ஒளிந்திருந்தது.

மெக்கானிக் முதல் நாளே வண்டியின் பின்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஷாக் அப்சார்பரெல்லாம் எண்ணெய் கக்கிடுச்சு சார். ஸ்பிரிங்கும் தளர்ந்துபோச்சு. பழைய அளவுலயே புதுசு போட்டுடலாம். காலையில விட்டா சாயங்காலம் எடுத்துக்கலாம்."

"எண்ணெய் ஷாக்கா, கேஸ் ஷாக்கா?"

"குலுங்காத ஷாக் சார்."

இதெல்லாம் ஒரு பதிலா? சயின்டிஸ்ட் நோட்டைத் திறந்தார். கம்பி எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எத்தனை சுற்று, எத்தனை கிலோவுக்கு எவ்வளவு அமுங்கும், மழையில் எப்படி, வெயிலில் எப்படி, முகம் தெரியாத நாற்பது பேர் இணையத்தில் என்ன சொல்கிறார்கள், அந்த நாற்பது பேரோடு சண்டை போடும் அறுபது பேர் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி எழுதி மூன்று நோட்டு தீர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? பழைய இரும்புக் கடையிலிருந்து பன்னிரண்டு ஸ்பிரிங்குகள், செத்துப்போன ஷாக்குகள் எட்டு, இரண்டு ஜாக்கி, சக்கரங்கள் மூன்று எல்லாம் வந்து சேர்ந்தன. "இதுல ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தாலும் நான் வெளியே போயிடுவேன்" என்று டீச்சர் சொல்லிவிட்டதால், அத்தனையும் காரின் டிக்கிக்குப் போயின.

இதற்கிடையே டீச்சர் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு. பிறகு பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

"என்னங்க, எப்பதான் மாத்துவீங்க?"

"முடிவு பண்ணிட்டேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அவசரப்பட்டுத் தப்பாப் போட்டுட்டா?"

இந்த ரகத்தின் தேசிய கீதமே இதுதான்.

ஒருவழியாக எட்டாம் மாதம், தரைக்கும் சக்கர வளைவுக்கும் இடையே டேப் வைத்து மூன்று தடவை அளந்து, பின்பக்கம் ஆறு சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, கனமான சுமை தாங்கும் முரட்டு ஸ்பிரிங்காகத் தேர்ந்தெடுத்தார். வண்டியைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமே என்று டிக்கியைக் காலி செய்து ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மெக்கானிக் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. மாட்டி இறக்கியதும் கார் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறவரைப் போல நின்றது.

"சார், அளக்கும்போது டிக்கில என்ன இருந்துச்சு?"

சயின்டிஸ்ட் நோட்டைப் புரட்டினார். பன்னிரண்டு ஸ்பிரிங், எட்டு ஷாக், இரண்டு ஜாக்கி, மூன்று சக்கரம்.

ஆனாலும் ஆசை விடவில்லை. டீச்சரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுக் கிளம்பினார். முதல் வேகத்தடையில், "அம்மா!" என்று ஒரு அலறல். திரும்பிப் பார்த்தால் டீச்சரின் கண்ணெல்லாம் தண்ணீர். எட்டு மாதத்தில் முதல் தடவையாக சயின்டிஸ்ட்டின் கை நோட்டைத் தேடவில்லை. அப்படியே ஊர்ந்து ஊர்ந்து ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினார்.

மெக்கானிக் அவரைப் பார்க்கவே இல்லை. டீச்சரிடம் போய்க் கேட்டார்: "உங்களுக்கு எப்ப வலிக்குதும்மா?"

"இதுக்கு முன்னாடி, தடையில ஏறும்போது ஒண்ணும் இல்ல. இறங்கும்போதுதான் பின்னாடி டொக்குன்னு இடிக்கும். இப்ப ஏறும்போதும் இடிக்குது." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை மாசத்துல என்கிட்ட இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

மறுநாள் காலையில் விட்ட வண்டி, பழைய அளவிலேயே புது ஸ்பிரிங், புது ஷாக்கோடு சாயங்காலம் வந்தது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். வண்டி தெருமுனையைத் தாண்டியது.

"என்னங்க, அந்த வேகத்தடை எப்ப வரும்?"

"தாண்டியாச்சு."

டீச்சர் தலையணையை எடுத்துப் பின்சீட்டில் போட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"இவ்வளவு நல்லா இருக்கே, டயரையும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணி..."

"வண்டியை நிறுத்துங்க. நான் பஸ்ல போயிக்கறேன்."

சிரிக்கிறீர்கள், சரி. உங்கள் வீட்டில் யாருக்கோ தூக்கம் வரவில்லை என்று நீங்கள் மெத்தை பார்க்க ஆரம்பித்து எத்தனை நாளாகிறது? அவர் எந்தப் பக்கம் புரண்டு படுக்கிறார் என்று கேட்டீர்களா? கேட்டதாக ஞாபகம் இருக்கிறது, எங்கேயோ குறித்துக்கூட வைத்தேன் என்கிறீர்களா?

அதேதான். அந்த நோட்டைத்தான் சொல்கிறேன்.