தையல்நாயகியின் வாசலுக்கு மூன்று முழம் பூச்சட்டம்

ஒரு காட்டில், ஆற்றங்கரையில் சுங்கச்சாவடி வந்து மூன்று மழைக்காலம் ஆன பிறகு, குஞ்சிதபாதம் என்ற இருவாச்சிப் பறவையும் அவன் மனைவி தையல்நாயகியும் ஒரு நெடிய மரத்தில் குடியிருந்தார்கள்.

இருவாச்சிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். ஆண் மண் கொண்டுவந்து கொடுப்பான். அவள் உள்ளிருந்தபடியே அதைக் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடுவாள். ஓர் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். அதன் வழியே அவன் பழம் ஊட்டுவான். நான்கு மாதத்துக்கு அவளுக்கு வானம், பகல், புருஷன் எல்லாமே அந்தக் கீற்றுதான்.

போன வருஷம் குஞ்சோடு வெளியே வந்த அன்று தையல்நாயகி சிறகை உதறிக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, நாலு மாசம் அந்த ஓட்டையையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதோட ஓரம் எனக்கு மனப்பாடம். எத்தனை பிசிறு, எங்கெங்க விரிசல்னு இப்பக்கூடச் சொல்லுவேன். கொஞ்சம் அழகா இருந்திருக்கலாம்."

"அடுத்த வருஷம் ஏதாவது செய்யலாம்" என்றான் குஞ்சிதபாதம். எல்லாப் புருஷன்களும் சொல்வதுதான். ஆனால் அவன் மறக்கவில்லை.

அடுத்த பருவம் நெருங்கியதும் ஆற்றைத் தாண்டி அக்கரைக் காட்டுக்குப் போனான். அங்கே ஒரு மரங்கொத்தி, ஓரங்களுக்கு ஒட்டும் பூவேலைச் சட்டங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தது. சிலர் அதை மோல்டிங் என்பார்கள், மெலிதாக இருந்தால் பீடிங் என்பார்கள். கூரை மூலைக்கு, கண்ணாடியைச் சுற்றி, அலமாரி விளிம்புக்கு என்று வகைவகையாகத் தொங்கின. குளவிகள் மென்று கொடுத்த காகிதக் கூழில் செய்தது ஒன்று, அரக்கில் வார்த்தது ஒன்று, எங்கிருந்தோ வெள்ளத்தில் மிதந்து வந்த தெர்மாகோலில் வெட்டியது ஒன்று.

"இதெல்லாம் எதுக்குன்னு நினைக்கிறீங்க?" என்றது மரங்கொத்தி. "ரெண்டு பொருள் சந்திக்கிற இடம் எப்பவும் அசிங்கமா இருக்கும். அதை மறைக்கத்தான். கல்யாணத்துல தோரணம் கட்டறாங்களே, அந்த மாதிரி."

குஞ்சிதபாதம் தேர்ந்தெடுத்தது தேக்குச் சட்டம். மேலே சுண்ணாம்பு மாவு பூசி, அந்தப் பூச்சில் அத்திக்கொடியும் காயும் பழமும் எழுப்பி, மினுமினுக்கும் காக்காப்பொன் தூவியிருந்தது. பறவைக் கணக்கில் மூன்று முழம். கீற்றைச் சுற்றி உள்பக்கம் ஒட்டினால் சரியாக இருக்கும். ஒரு நாள் முழுக்கப் பழம் சுமந்து விலையைத் தீர்த்துவிட்டு வாங்கினான்.

பறவைதானே, ஆற்றுக்கு மேலே பறந்து வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பறந்து வருபவர்களுக்குத் தனி வரிசை உண்டு. அந்த வரிசை மூன்று மழைக்காலமாகத் திறக்கப்படவில்லை.

எனவே நடந்து வருபவர்களின் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் ஒரு நத்தை. தினமும் ஆற்றைக் கடக்கும் அந்த நத்தை, முதுகில் இருப்பது வீடா சட்டையா என்று தினமும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பின்னால் ஒரு கருமந்தி, தேங்காயோடு.

சுங்கப் பரிசோதகர் ஏகாம்பரம் ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், பகலில் கண் சரியாகத் தெரியாது. சுங்கப் புத்தகத்தை மூக்கால் முகர்ந்துதான் படிப்பார்.

"என்ன இது?"

"பூச்சட்டம், ஐயா."

"எதுக்கு?"

"எங்க வாசல் ஓரத்துக்கு."

"அப்போ நிலைச்சட்டம். வாசல்ல யார் யார் நுழைவாங்க?"

"யாரும் நுழைய மாட்டாங்க ஐயா. அலகு மட்டும்தான்."

"யாரும் நுழையாதது எப்படிய்யா வாசல் ஆகும்? ஜன்னலா?"

"வெளியிலிருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"அது வழியா என்னதான் போகும்?"

"பழம்."

அழுங்கு ஏழெட்டுப் பக்கம் தள்ளியது. "கிடைச்சுருச்சு. தட்டு, தாம்பாளம் வகையறா."

"ஐயா, தட்டு இல்லீங்க. அலங்காரம்."

"அலங்காரம்னா பாக்கறதுக்கு ஆள் வேணும். யார் பாப்பாங்க?"

"என் வீட்டுக்காரி."

"வேற?"

"வேற யாரும் இல்லை. உள்பக்கம்தான் ஒட்டப்போறேன்."

"குறைஞ்சது மூணு பேர் பாக்கணும். ஒருத்தி மட்டும் பாக்கறதுக்குப் புத்தகத்துல இடமே இல்லை." மூக்கை நிமிர்த்திக்கொண்டார் ஏகாம்பரம்.

பின்னால் நின்ற கருமந்தி சிரித்தது. "பொண்டாட்டி இருட்டுல பாக்கறதுக்குப் பூவேலையாம்! அண்ணே, எங்க வீட்டுக்குத் தேங்காய் கொண்டுபோனாலே கோயில் கட்டுவாங்க."

அப்போது பக்கத்துப் பாறையிலிருந்து உடும்பு சிங்காரம் இறங்கி வந்தது. சாமான்களைச் சுங்கத்திலிருந்து மீட்டுக் கொடுக்கும் தொழில். பிடித்தால் விடாது.

"அண்ணே, இப்படி வாங்க. நீங்க உண்மையைப் பேசிப் பேசியே காரியத்தைக் கெடுக்கறீங்க. எதுக்கு, யாருக்கு, இதெல்லாம் எதுக்கு அவர்கிட்ட? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. மரம். மரச்சாமானுக்கு நூத்துக்குப் பத்துப் பழம், கட்டிட்டுப் போயிரலாம்."

"மரம், ஐயா" என்றான் குஞ்சிதபாதம். அதுவும் உண்மைதான் என்பதில் அவனுக்கு ஓர் ஆறுதல்.

"மேலே சுண்ணாம்பு வாசனை அடிக்குது" என்றார் ஏகாம்பரம். "மரம்னா நிரூபிக்கணும். ஆய்வகத்துக்கு அனுப்பு."

ஆய்வகம் என்பது சாவடிக்குப் பின்னால் இருந்த கறையான் புற்று. தின்றால் மரம், தின்னாவிட்டால் வேறு. இதைவிட நேர்மையான பரிசோதனை உலகத்தில் இல்லை.

"ஒரு சின்னத் துண்டு போதுமே ஐயா?"

"மாதிரின்னா முழுப்பொருள் மாதிரியே இருக்கணும். முழுப்பொருளைவிட அது மாதிரி இருக்கறது வேற எது?"

முழுச் சட்டமும் புற்றுக்குள் போனது.

குஞ்சிதபாதம் வெறும் அலகோடு வீட்டுக்குப் போனான். தையல்நாயகி கிளையில் உட்கார்ந்து பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ?" என்றான் அவன்.

"பத்து நாள் தாங்கும். அதுக்கு மேல என் கையில இல்லை."

அவன் தினமும் சாவடிக்குப் போனான். ஆய்வகத்தில் ஆள் பற்றாக்குறை என்றார்கள். காலையில் கொஞ்சம் பற்றாக்குறை, மத்தியானத்துக்கு மேல் கடும் பற்றாக்குறை. ஒரு நாள் மத்தியானம் அவனே பார்த்தான். ஏகாம்பரம் தன் நீண்ட நாக்கைத் துடைத்துக்கொண்டு புற்றின் பக்கமிருந்து திரும்பி வந்தார். "மேற்பார்வை" என்றார்.

ஏழாம் நாள் அறிக்கை வந்தது. 'சுவை: தேக்கு. தரம்: உயர்வு. மீதம்: இல்லை.'

"நிரூபணம் ஆயிருச்சு!" என்று உடும்பு வாலை அடித்தது. "மரம்தான். பழத்தைக் கட்டுங்க, சாமானை எடுங்க."

சாமான் வந்தது. உள்ளே தேக்கு இருந்த இடத்தில் காற்று இருந்தது. அத்திக்கொடி வேலைப்பாடு மட்டும் முட்டை ஓடு போல மெலிதாக நின்றது.

"இதுல மரம் எங்க?" என்றார் ஏகாம்பரம். "என் எதிர்ல இருக்கற பொருளுக்குத்தான்யா வரி. இது சுண்ணாம்புச் சாமான். அதுக்கு வேற அத்தியாயம், வேற படிவம். சுண்ணாம்புச் சாமானெல்லாம் திறந்தவெளிக் கிடங்குல இருக்கணும். புது மனு எழுதி மூணு நாள் கழிச்சு வா."

திறந்தவெளிக் கிடங்கு என்பது ஆற்றோரத்துப் பாறை. மனு எழுதிய அன்று மேகம் கறுத்தது. அடுத்த நாள் முழுக்க மழை. அதற்கடுத்த நாளும்.

பத்தாம் நாள் காலையில் தையல்நாயகி கூப்பிட்டாள்.

"ஏங்க, இனிமே முடியாது. நான் உள்ள போறேன். மண்ணு கொண்டாங்க."

"சாயங்காலம் வரைக்கும்…"

"முட்டைக்குச் சாயங்காலம்னா தெரியுமா?" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. "விடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு இருட்டுக்குள் நுழைந்தாள்.

பூச்சுக்கு நல்ல மண் ஆற்றங்கரையில்தான் கிடைக்கும். அங்கே போனவன் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பாறைதான். கொடி இல்லை, காய் இல்லை, பழம் இல்லை. மழையில் கரைந்து, வெள்ளத்தில் வந்த வண்டலோடு கலந்து, குழைவாக ஒரு குவியல் கிடந்தது. அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

உடும்பு நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பரிசோதகரைக் கூட்டிவந்தது. "ஐயா, மேற்படி சாமானோட இன்றைய நிலைமையைக் கொஞ்சம் பாருங்க!"

ஏகாம்பரம் முகர்ந்தார். நக்கினார். புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை போனார்.

"மண்ணு" என்றார். "மண்ணுக்கு வரி கிடையாது. எடுத்துட்டுப் போ."

குஞ்சிதபாதம் அலகு நிறைய அள்ளினான். ஏகாம்பரம் கண்ணைச் சுருக்கினார்.

"நில்லு. அதுல என்னமோ மின்னுதே?"

குஞ்சிதபாதம் மண்ணைப் பத்திரமாகப் பாறையில் வைத்தான். காக்காப்பொன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பத்து நாளாக இந்தச் சாவடியில் அவன் சொன்னதெல்லாம் உண்மை. ஒவ்வொரு உண்மைக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள்.

"வெயில், ஐயா" என்றான்.

வானம் கறுத்து மூடிக் கிடந்தது. ஏகாம்பரம் தலையைத் தூக்கி, தனக்குத் தெரியாத வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெயிலுக்குப் புத்தகத்துல இடம் இல்லை. போ, போ."

அன்று மாலையே உடும்பு சிங்காரம் பாறையில் ஒரு பலகை மாட்டியது: 'எந்தச் சாமானும் குறுகிய காலத்தில் மண்ணாக்கித் தரப்படும்.' மறுநாள் வரிசை ஆற்றின் வளைவு வரை நீண்டது. நத்தை மட்டும் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஓடியது என்று சொல்கிறார்கள்.

தையல்நாயகி உள்ளிருந்தபடி அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டி வாசலைப் பூசினாள். கீற்று ஒடுங்கிக்கொண்டே வந்து, அவன் அலகின் அகலத்துக்கு வந்து நின்றது. நான்காம் நாள் மழை விட்டது. அவன் முதல் அத்திப்பழத்தோடு வந்து உட்கார்ந்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, இது என்ன மண்ணு?"

"ஏன்? ஆத்தங்கரை மண்ணுதான்."

"ஓரமெல்லாம் மின்னுது."

அவன் பழத்தை நீட்டினான். கீற்றிலிருந்து அலகு வெளியே வரவில்லை.

"பழம் அப்புறம் குடுங்க" என்றாள் தையல்நாயகி. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க."

நீதி: பொறுமையாகக் காத்திருங்கள். எல்லாப் பொருளும் ஒரு நாள் மண்ணாகும். மண்ணுக்கு வரி இல்லை. என்ன மின்னுகிறது என்று யாராவது கேட்டால், வெயில் என்று சொல்லிவிடுங்கள்.