நான் பார்க்காத சண்முகத்தாய்

ஒரு நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஒன்றரை வருடம் வைத்தியம் பார்த்த குடும்ப மருத்துவர் நான். (என் பழைய மாணவர்கள் சிரிக்க வேண்டாம். நீங்களும் அப்போது என் பின்னால் தலையாட்டிக்கொண்டுதான் நின்றீர்கள்.)

கோவில்பட்டியில் காலையில் நோயாளிகள், மதியம் மாணவர்களுக்குப் பாடம், மீதி நேரம் அரசுக்குக் கிராம சுகாதாரத் திட்டம் எழுதும் குழு என்று தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்த காலம். "நோயாளியின் முகம்தான் முதல் ரிப்போர்ட்" என்று வகுப்பில் அடிக்கடி முழங்குவேன். அதற்கு என் சாட்சி, புதூர்ப் பக்கத்துச் சண்முகத்தாய். ஏதோ முகாமில் அவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கம் என்று சீட்டு எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். நான் மாத்திரை கொடுத்த மறுமாதமே இறங்கிவிட்டது. முகத்தெளிவைப் பார்த்தே மாத்திரையைப் பாதியாகக் குறைத்தேன், அப்போதும் ஏறவில்லை. விடுவேனா? திட்ட அறிக்கையில் அவருக்கென்று ஒரு பக்கமே ஒதுக்கினேன்.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி அம்மா அதைப் படித்துவிட்டு, "இவங்களை நேர்ல பார்க்கணுமே டாக்டர்" என்றார். அவருக்குத் திருப்தியானால் திட்டத்துக்கு ஒப்புதல். இரண்டு மாணவர்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினோம். முந்தின நாள் மழை. இறங்கியதும் கரிசல் மண் ஆளுக்கு ஒரு கிலோ செருப்பில் அப்பிக்கொண்டது.

சண்முகத்தாய் வீட்டு வாசலுக்கு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒல்லியான ஒரு பெண் வந்தார்.

"சண்முகத்தாய் இல்லையாம்மா?"

"நாந்தான் சார்."

"நீங்க இல்லம்மா. சண்முகத்தாய்!"

"நாந்தான்யா. ஆதார் கார்டு எடுத்தாரட்டுமா?"

இவர் யார், நான் எந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்று குழம்பி நிற்கையில், மாதாமாதம் என்னிடம் வரும் என் சண்முகத்தாய் எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்தார். "வாங்க டாக்டரய்யா!"

"இவிய மாரியம்மா மதினி" என்றார் ஆட்டுக்காரப் பெண். "ஆட்ட விட்டுட்டு நான் எங்கன வர? மதினி டவுனுக்குப் போவும்போது சீட்டக் குடுத்துவிடுவேன்."

அந்தத் தெருவில் யார் பஸ் ஏறினாலும் எல்லார் சீட்டும் அவர் பையில்தானாம்.

"அப்ப மாசாமாசம் ரத்தம் குடுத்தது?" என்று மாரியம்மாவைக் கேட்டேன்.

"நாந்தான். கைய நீட்டச் சொன்னிய, நீட்டுனேன். படிச்சவிய சொல்லுதப்ப மாட்டேன்னா சொல்ல முடியும்? சீட்டு கொண்டாரவியளுக்கும் குத்துவாவ போலன்னு நெனச்சேன்."

சர்க்கரையே இல்லாதவரின் சர்க்கரையை ஒன்றரை வருடம் வெற்றிகரமாகக் கட்டுப்படுத்தியிருக்கிறேன்! மாத்திரையைப் பாதியாக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கேயே சண்முகத்தாயின் விரலில் குத்திப் பார்த்தோம். பழைய எக்கச்சக்கம் அப்படியே இருந்தது. குதிகாலில் ஆறாத புண் வேறு. "முள்ளு குத்துனதுய்யா" என்றார் சாதாரணமாக. எனக்குப் பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. "தப்பு என்னுதும்மா" என்று சொல்லி, புண்ணை நானே கழுவிக் கட்டினேன்.

அதிகாரி அம்மா அறிக்கையிலிருந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவி என்னிடம் நீட்டினார். "இதை நீங்களே வெச்சுக்கங்க டாக்டர்."

ஆட்டுக்காரர்கள் திரும்பும் நேரத்துக்கு மருத்துவர் ஊருக்குப் போக வேண்டும் என்று திட்டத்தைத் திருத்தி எழுதினோம். சண்முகத்தாயின் புண் ஆறிவிட்டது. என் கதைதான் ஆறவில்லை. மாணவர்கள் மூலம் வீடுவரை வந்துவிட்டது. போன கல்யாண நாளன்று வாழ்த்துச் சொன்னேன். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்:

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. தாலி எனக்குத்தான் கட்டுனியளா, இல்ல சீட்டு கொண்டாந்தவளுக்கா?"