கட்டிலில் நால்வர், தலையணையில் ஒருவர்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சானுக்கு,

மெத்தைக் கடையிலிருந்து உங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என் இடுப்பு ஒன்றைத் தவிர. அங்கே நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலமாக இருப்பவர்களால்தான் அடுத்தவருக்கு இவ்வளவு யோசனை சொல்ல முடியும்.

என் மகளுக்கு மாதக் கடைசியில் பிரசவம் என்பது உங்களுக்குத் தெரியும். கடையைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆள் கிடைத்தால்தான் நான் கிளம்ப முடியும். இல்லாவிட்டால், "நான் மட்டும் போறேன், நீங்க மெத்தையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே கிடங்க" என்று உங்கள் தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். பிறக்கப்போகும் பிள்ளையைக் கையில் வாங்க எனக்கு எவ்வளவு ஆசை என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மச்சான்.

முதலில் நான் ஒருவனேதான் ஆள் எடுத்தேன். இருவரும் முட்டிவலியைப் பற்றி வெகுநேரம் பேசினோம், மனசு ஒத்துப்போனது, வேலை கொடுத்துவிட்டேன். மறுநாளே அவர் கண்ணாடி ஜன்னல் ஓரம் காட்சிக்கு வைத்திருந்த மெத்தையில் படுத்துக் குறட்டை விட்டார். வெளியே கூட்டம் கூடிவிட்டது. ஒரு தம்பதி உள்ளே வந்து அந்த மெத்தையேதான் வேண்டும் என்று அடம்பிடிக்க, அவரை எழுப்பித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வியாபாரம் நடந்ததா இல்லையா என்று கேட்டேன். உங்கள் தங்கை காதில் ஏறினால்தானே! அவரை அன்றே அனுப்பிவிட்டு நேரே உங்களுக்குப் போன் போட்டாள். பெரிய அலுவலகத்தில் காலமெல்லாம் ஆள் எடுத்து ஓய்வு பெற்றவர் நீங்கள். "ஒரே ஆள் உக்காந்து முடிவெடுக்கவே கூடாது" என்றீர்கள். அன்று பிடித்தது சனி.

எங்கள் கடையில் நாற்காலியே கிடையாது. வருகிறவர் மெத்தையில்தான் உட்கார வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே நானும் உங்கள் தங்கையும் ஒற்றைக் கட்டிலில் உட்கார்ந்து ஒருவரை விசாரித்தோம். எனக்கு அவரைப் பிடித்தது, அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஒற்றைப்படையா வைங்க" என்றீர்கள். கணக்கரைச் சேர்த்தோம், இரட்டைக் கட்டிலுக்கு மாறினோம். கணக்கரோ உங்கள் தங்கை தும்மினாலும் ஆமாம் போடுகிறவர். நான் சும்மா விடுவேனா? என் பக்கத்துக்கு வண்டி ஓட்டுநரைக் கூப்பிட்டேன். பழையபடி சரிக்குச் சரி. ஐந்தாவது ஆள் யார் என்று நாங்கள் அடித்துக்கொண்டபோது, "நானே வர்றேன்" என்று போனிலேயே வந்து சேர்ந்தீர்கள். உங்களைத் தலையணைமேல் வைத்தோம். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம், கடையிலேயே உசத்தியான தலையணை அது.

நேற்று ஒரு அம்மாள் வேலை கேட்டு வருவதாக இருந்தது. நால்வரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தோம். ஓட்டுநரின் உடம்பு சாதாரண உடம்பா? அவர் நடுவில் உட்கார்ந்ததும் மெத்தை பள்ளமாகி மற்ற மூவரும் அவர்மேல் சரிந்துவிட்டோம். அப்போது ஒரு பெண்மணி வந்தார், எங்களை ஒரு பார்வை பார்த்தார், ஒதுங்கி நின்றார். ஏதோ வாங்க வந்தவர் போலும் என்று விட்டுவிட்டோம். பின்னாலேயே ஒரு பெரியவர் வந்து, "கடையில யாரும் இல்லையா?" என்று குரல் கொடுத்தார். எழுந்திருக்கலாம் என்றால் முடிந்தால்தானே மச்சான், ஒருவர் அசைந்தால் மூவர் அமுங்குகிறோம். அந்தப் பெண்மணியே அவரிடம் போய், முதுகு வலிக்குமா, குப்புறப் படுப்பாரா என்றெல்லாம் விசாரித்து, மெத்தைகளை அழுத்திக் காட்டி, கெட்டியான ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டார். மாலையில் வண்டியோடு வருவதாகச் சொல்லிப் பெரியவர் சந்தோஷமாகப் போனார். பிறகு அந்தப் பெண்மணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க. எந்த மெத்தைங்கறதுல உங்களுக்குள்ள ஒத்து வரலையா?"

"அதை ஏன் கேக்கறீங்க? இந்த மனுஷனோட எதுலதான் ஒத்து வந்துச்சு!" என்றாள் உங்கள் தங்கை.

"நாலு பேர் கனத்துக்கு இது தாங்காதுங்க. சரி, முதலாளி எங்கன்னு தெரியுமா? நான் வேலை கேட்டு வந்திருக்கேன்."

அந்த நேரம் பார்த்துத் தலையணை, "முதல்ல அந்தம்மாவை உக்காரச் சொல்லுங்க!" என்று அதட்டியது. பாவம், அவர் அலறியடித்துக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டார்.

திரும்ப அழைத்து வந்து, கெஞ்சாத குறையாக வேலையைக் கொடுத்தோம். ஐந்து ஓட்டும் அவருக்கே. நானும் உங்கள் தங்கையும் ஒரே கட்சியாக இருந்தது இதுவே முதல் தடவை. யோசித்துப் பார்த்தால் அவரை யாருமே நேர்காணல் செய்யவில்லை! ஆகவே நேர்காணலுக்கு எத்தனை பேர் உட்கார வேண்டும் என்பதில் என் முடிவு இதுதான்: ஒருவரும் வேண்டாம். நீங்களும் தலையணையிலிருந்து இறங்கி ஓய்வெடுக்கலாம். எனக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. என் சட்டைகளை உங்கள் தங்கையே மடித்துப் பெட்டியில் வைத்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு நிம்மதியான தூக்கம்.

இப்படிக்கு,
கவலை தீர்ந்த உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், அந்தப் பெண்மணி போன் செய்தார். கடை பிடித்திருக்கிறதாம். ஆனால், "நான் ஒருத்தியாவே முடிவெடுக்கக் கூடாதுன்னு எங்க பெரியப்பா சொல்றாருங்க. பெரிய ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர்" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கணவர், மாமியார், அண்ணன், பெரியப்பா எல்லோருமாக எங்களை விசாரிக்க வருகிறார்கள். நான் பேரப்பிள்ளையைத் தூக்குவது இப்போது அந்தப் பெரியப்பா கையில் இருக்கிறது. உடனே கிளம்பி வாருங்கள் மச்சான், போனில் வேண்டாம், நேரில். நம் பக்கம் எத்தனை பேர் உட்காரலாம் என்பதை வழியிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள். இரட்டைக் கட்டிலை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டேன். நமக்கு மிச்சம் ஒற்றைக் கட்டில்தான்.