மேடம் பேசி முடிச்சிருவாக

சுவாதி கல்லூரியை விட்டுப் போனது, மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிய அன்று. கடைசி வருஷப் பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அப்பா தவசி முன்னால் ஏற, பின்னால் அவளும் எம்.ரெட்டியபட்டி பஸ்ஸில் ஏறியதை அழகுத்தாய் மேடம் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டு, "அப்பாடா, சத்தமில்லாம முடிஞ்சிருச்சு" என்றார்.

'பேசி முடிப்பவர்' என்ற இனம் உங்களுக்குப் பழக்கம்தான். வரப்புத் தகராறிலும் கல்யாண வீட்டுப் பந்திச் சண்டையிலும் பார்த்திருப்பீர்கள். அதில் கல்லூரி வகை ஒன்று உண்டு. புகார்க் குழுவின் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தால் நன்றாகக் கொழுக்கும்.

மேடம் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. ஒரு பிள்ளை புகாரோடு வந்தால் முதலில் டீ சொல்வார், பிறகு கதவைச் சாத்துவார், "நானும் பொம்பளப் பிள்ளையப் பெத்தவதான்" என்பார், ஷால் எப்படிப் போட்டிருந்தாய் என்பார், லேபில் வேறு யார் இருந்தார்கள் என்பார், அந்த சாரைப் பார்த்து நீ சிரித்தாயா என்பார், குட் மார்னிங் சொல்லும்போது சிரித்தாலும் சிரிப்பு சிரிப்புதானே என்பார். இத்தனையும் கேட்டு முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும். பிள்ளைக்கு வேர்த்திருக்கும். சாதியைச் சொல்லிக் கடைசி பெஞ்சுக்குத் துரத்தினார்கள் என்று யாராவது வந்தால் இன்னும் சுலபம். "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாக." முடிந்தது கேஸ்.

சுவாதியின் கேஸ் அப்படி முடியவில்லை. கெமிஸ்ட்ரி லேபில் சின்னத்துரை சார் சொல்லிக் கொடுக்கும் சாக்கில் பின்னால் வந்து உரசி நிற்கிறார், கையைப் பிடித்தால் விடுவதில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டாள்.

"அவுகளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைகம்மா. ஒரு குடும்பம் தெருவுல நிக்கணுமா?"

"எனக்கு டிகிரி முடிக்கணும் மேடம். அவுகளக் கையை எடுக்கச் சொல்லுங்க, போதும்."

"சொல்லிருவோம். இனிமே உன்னைத் தங்கச்சின்னு கூப்பிடச் சொல்றேன்."

"தங்கச்சின்னு சொல்லித்தான் மேடம் கையப் பிடிக்காக."

இந்த மாதிரி பதில்கள் மேடத்துக்கு ஆகாது. கடைசி மருந்தை எடுத்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் அப்படிக் கனிந்துவிடும்.

"அப்பாவ வரச் சொல்லவா?"

பருத்திக் காட்டை நம்பிப் பிழைக்கிற வீடுகளில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? பந்தல்குடியில் பிறந்து வளர்ந்தவர், நன்றாகத் தெரியும். முக்கால்வாசிப் புகார் இந்த இடத்தில்தான் வாபஸ் ஆகும். சுவாதி நிமிர்ந்து பார்த்தாள்.

"வரச் சொல்லுங்க. எங்கப்பா அவுகளச் சும்மா விட மாட்டாக."

அப்பா வந்தார். எந்த சார் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"ஊருக்குள்ள யாருக்கும் தெரியுமாம்மா?"

"தெரிய விட்ருவோமா?" என்றார் மேடம், பெருமையாக.

"அப்பச் சரி. படிச்ச வரைக்கும் போதும்."

"பரீட்சை மட்டும் எழுதிக்கிறேம்ப்பா."

தவசி மகள் பக்கம் திரும்பவில்லை. மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும்மா."

நன்றாகத்தான் இருந்தார். அந்த வருஷ அறிக்கையில் 'பெறப்பட்ட புகார்கள்: இல்லை' என்று போட்டார்கள். ஆண்டு விழாவில் மேடத்துக்குச் சால்வை போட்டார்கள். சின்னத்துரை சார்தான் முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கை தட்டினார்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். ஆனால் ரெண்டு சின்னப் பிள்ளைகள் என்றதும் உங்களுக்குக் கொஞ்சம் இளகவில்லை? ஒரு மாதம்தானே, புகார் கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு பரீட்சையை எழுதியிருக்கலாமே என்று தோன்றவில்லை? தோன்றியிருந்தால் உங்கள் அளவுக்கும் ஒரு சால்வை இருக்கிறது. பதறாதீர்கள், சின்னதாக ஒரு வேலை தருகிறேன், செய்து பாருங்கள். மூன்று வருஷம் கழித்து மேடத்தின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. படித்துவிட்டார், நீல டிக்கும் விழுந்துவிட்டது, பதில்தான் இன்னும் போகவில்லை. நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?

"வணக்கம் மேடம், நான் சுவாதி. என் தங்கச்சி ப்ரியாவுக்கும் நம்ம காலேஜ்லதான் கெமிஸ்ட்ரி கெடச்சிருக்கு. எங்கப்பா உங்கள நம்பித்தான் அனுப்புறாக. லேப்புல இன்னும் அந்த சார்தானா?"